தோட்டத்திலிருந்து தாமானுக்கு: குப்பையைக் குறைக்க, தண்ணீரையும் கரண்டையும் மிச்சப்படுத்த ஒரு வழிகாட்டி

ரெங்கம், லாயாங்-லாயாங், பாலோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஜொகூர் மாநிலம் குளுவாங்கின் தாமான் (நகர வீடமைப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தவரை வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. காய்கறித் தோல் ஆட்டுக்கும் கோழிக்கும் போகும், சருகும் அட்டையும் நெருப்புக்குப் போகும். தாமானில் பின்பக்கம் முழுக்கச் சிமெண்டு. ஆடு கோழிக்கு இடமில்லை. நெருப்பு வைத்தால் பக்கத்து வீட்டிலிருந்து புகார் போகும். கடைசியில் சோறு, தோல், டின், அட்டை எல்லாம் ஒரே பையில் விழுந்து, இரண்டு நாளில் புழு வைத்து நாறும்.

இங்கே என்ன செய்ய வேண்டும் என்று ஒரே இடத்தில் சொல்லித்தர ஆள் இல்லை. ஒரு முகப்பில் கேட்டால் வேறு அலுவலகத்தைக் காட்டுவார்கள், அங்கே போனால் குப்பை அள்ளும் குத்தகை நிறுவனத்தைக் கேளுங்கள் என்பார்கள். நான் அப்படித்தான் அலைந்து தெரிந்துகொண்டேன். நீங்கள் அலைய வேண்டாம்.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இதில் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. எதை முதலில் செய்வது என்று கேட்டால், சமையலறையின் ஈரக் குப்பையைத் தனியாகப் பிரியுங்கள். அது ஒன்று சரியானால் மற்றதெல்லாம் பாதி வேலைதான்.

1. முதல் வாரம்: மீட்டர், பெயர் மாற்றம், தொட்டி

சாவி கைக்கு வந்த அன்றே தண்ணீர் மீட்டரையும் கரண்டு மீட்டரையும் எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு குடியிருந்தவரின் பாக்கி உங்கள் தலையில் விழாமல் இருக்க அந்தப் படம்தான் சாட்சி.

பிறகு இரண்டு கணக்குகளையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கரண்டுக்குத் தெனாகா நேஷனல், ஜொகூரில் தண்ணீருக்கு ரான்ஹில் எஸ்.ஏ.ஜே. அடையாள அட்டை, வீடு சொந்தம் என்றால் வாங்கிய ஒப்பந்தம், வாடகை என்றால் முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தம், முந்தைய பில் ஒன்று ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். அசலும் நகலும் இரண்டுமே இருக்கட்டும். வைப்புத்தொகை கட்ட வேண்டும், கரண்டுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) முத்திரைக் கட்டணமும் உண்டு. செயலி வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் பெயரில் பழைய பாக்கி இருந்தால் அது தீரும்வரை இழுக்கும். ஆகவே வாடகை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கடைசி பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

பெயர் மாற்றத்துக்கும் மிச்சம் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பில் உங்கள் பெயரில், உங்கள் கைப்பேசியில் மாதாமாதம் வந்தால்தான் எவ்வளவு செலவாகிறது என்று கண்ணில் படும். வீட்டுக்காரர் கட்டி வாடகையோடு சேர்த்து வாங்கும் வீடுகளில் யாரும் யூனிட்டைப் பார்ப்பதே இல்லை.

தரை வீடுகளுக்குச் சக்கரம் வைத்த 120 லிட்டர் தொட்டி கொடுத்திருப்பார்கள். ஜொகூரில் குப்பை அள்ளும் குத்தகை எஸ்.டபிள்யூ.எம். என்வைரன்மென்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. மேற்பார்வை எஸ்.டபிள்யூ.கார்ப் என்ற அரசுத் திடக்கழிவுக் கழகத்துடையது. வீட்டில் தொட்டி இல்லாவிட்டாலோ சக்கரம் உடைந்திருந்தாலோ குத்தகை நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். முகவரி தெரியும் பில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள். தொட்டி வந்ததும் வீட்டு எண்ணைப் பெரிதாகப் பெயிண்டில் எழுதிவிடுங்கள், பள்ளிக்கூட விடுமுறையில் தொட்டிகள் தெரு மாறிப் போவது சகஜம்.

2. லோரி வரும் நாள் தெரியாமல் எதையும் வெளியே வைக்காதீர்கள்

சட்டம் 672 எனப்படும் திடக்கழிவுச் சட்டம் நடப்பில் உள்ள மாநிலங்களில், அதாவது ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகியவற்றில், வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். சிலாங்கூர், பேரா, பினாங்கு உறவினர்கள் சொல்வதை இங்கே அப்படியே பின்பற்றாதீர்கள், அங்கே ஏற்பாடு வேறு.

வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள். அந்த ஒரு நாளில்தான் மரக்கிளை, பழைய மெத்தை போன்ற பெரிய சாமான்களும் போகும். உங்கள் தெருவுக்கு எந்த நாள் என்பதை அக்கம்பக்கத்தாரிடமோ லோரி அண்ணன்மாரிடமோ கேட்டு, குளிர்ப்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். பக்கத்துத் தாமானின் நாளை நம்ப வேண்டாம், ஒரு சாலை தாண்டினாலே மாறும்.

காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கு வெள்ளை, டின், கண்ணாடி, துணி முதலான மற்றவைக்குப் பச்சை என்று பைகளுக்கு நிறம் சொல்வார்கள். அதற்காகக் காசு கொடுத்து நிறப் பை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது தெரியும் பழைய பையே போதும். இந்த மறுசுழற்சிப் பையைத் தொட்டிக்குள் போடாமல் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

“எல்லாம் ஒரே லோரியில்தானே போகிறது, பிரித்து என்ன பயன்?” என்று தெருவில் யாராவது உங்களிடம் கட்டாயம் சொல்வார்கள். சாதாரணக் குப்பை நாளில் அட்டையை வெளியே வைத்தால் அது அப்படித்தான் போகும், ஏனென்றால் அன்று வருவது அந்த லோரி. மறுசுழற்சி நாளில் வருவது வேறு லோரி. நாள் தவறுவதுதான் பிரித்தவர் உழைப்பை வீணாக்குகிறது.

பிரிக்காத தரை வீட்டுக்கு முதல் முறை 50 வெள்ளி, இரண்டாம் முறை 100, மூன்றாம் முறை 500 வெள்ளி கம்பவுண்டு (நீதிமன்றம் போகாமல் கட்டும் தண்டம்). அதற்கு மேல் போனால் நீதிமன்றம், 1,000 வெள்ளி வரை அபராதம். சாலையோரத்தில் வீசினால் அது தனிக் குற்றம். 2026 ஜனவரி முதல் அதற்கு 2,000 வெள்ளி வரை அபராதமும் 12 மணி நேரம் வரை சமூகச் சேவையும் உண்டு.

மழைக்காலத்தில், குறிப்பாக நவம்பரிலிருந்து, அட்டையை முதல் நாள் இரவே வெளியே வைக்காதீர்கள். நனைந்த அட்டையை யாரும் எடுக்க மாட்டார்கள். விடிந்ததும் வையுங்கள்.

வீடு இடித்துக் கட்டிய கல், ஓடு, சிமெண்டு மூட்டை எதையும் இந்த லோரி எடுக்காது. அதற்கு ரோரோ தொட்டி, அதாவது லோரியில் ஏற்றிப்போகும் பெரிய இரும்புத் தொட்டி, வாடகைக்கு எடுக்க வேண்டும். சமையலறையைப் பெரிதாக்க கண்டிராக்டரிடம் விலை கேட்கும்போதே, குப்பையை அகற்றும் செலவு உள்ளடக்கமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் கல் குவியல் உங்கள் வாசலில்தான் கிடக்கும்.

3. ஈரக் குப்பை: ஒரு பெயிண்டு வாளியில் தொடங்குங்கள்

மலேசிய வீட்டுக் குப்பையின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு உணவுக் கழிவு என்று 2012இல் எடுத்த தேசியக் கணக்கு சொல்கிறது. நம் சமையலை நினைத்துப் பாருங்கள். வெங்காயத் தோல், முருங்கைக் காம்பு, தேங்காய்ச் சக்கை, தேயிலைத் தூள், வாழையிலை என்று ஒரு நாள் குப்பையில் கனமாக இருப்பதெல்லாம் இதுதான். இது போய்விட்டால் தொட்டியில் ஈரம் இல்லை, நாற்றம் இல்லை, பிளாஸ்டிக்கும் டின்னும் சுத்தமாகக் கிடைக்கும்.

தேவையானவை: மூடியுள்ள 20 லிட்டர் பெயிண்டு வாளி மூன்று. வீடு கட்டும் இடங்களில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். நன்றாகக் கழுவி, அடியிலும் பக்கங்களிலும் சுண்டுவிரல் நுனி போகாத அளவுக்குத் துளை போடுங்கள். கூரைத் தாழ்வாரத்தின் கீழ், இரண்டு செங்கல் மேல் வையுங்கள். மழைச்சாரல் படக்கூடாது. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், வாடையே வராவிட்டாலும் வாளியைப் பார்த்தே புகார் சொல்கிறவர்கள் உண்டு.

அடியில் ஒரு சாண் காய்ந்த சருகு. அதன் மேல் அன்றைய தோல், காம்பு எல்லாவற்றையும் சிறிதாக வெட்டிப் போடுங்கள். அதற்கு மேல், போட்டதைப்போல் இரண்டு பங்கு சருகு. சருகுக்கு இங்கே பஞ்சமில்லை. பள்ளிக்கூடத் திடல் ஓரம், கோயில் வளாகம், சாலையோர மரங்களின் அடி என்று ஒரு மூட்டை கூட்டி வந்தால் ஒரு மாதம் ஓடும். சருகு தீர்ந்துபோனால் கிழித்த முட்டை அட்டையும் நாளிதழும் போதும். வாரம் இரண்டு முறை குச்சியால் கிளறுங்கள். ஒரு வாளி நிரம்பியதும் மூடி ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண் வாசம் வரும். ஒரு பங்கு உரத்தோடு மூன்று பங்கு மண் கலந்து கறிவேப்பிலை, பாண்டான், மிளகாய்ச் செடிக்குப் போடுங்கள்.

இதில் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு:

- நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். சருகைக் கூட்டிக் கிளறுங்கள், இரண்டு நாளில் போய்விடும். பினாயில் ஊற்றாதீர்கள், மக்கச்செய்யும் கிருமியெல்லாம் செத்துப்போகும்.
- தேங்காய்ச் சக்கையில் எண்ணெய் இருப்பதால் எறும்பு மொய்க்கும், சிக்கு வாடை வரும். கொஞ்சம் கொஞ்சமாக, வாளியின் நடுவில் புதைத்துப் போடுங்கள்.
- மீன் குடல், எலும்பு, கறிக்குழம்பு சேர்ந்த சோறு இதற்குள் வேண்டாம். எலி வரும். மீன் குடலைப் பழைய பையில் சுற்றிக் குளிர்ப்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்து, லோரி வரும் காலையில் போடுங்கள். தொட்டியில் புழு வைப்பதற்கு முக்கியக் காரணம் மீன் குடல்தான், இதை மட்டும் செய்தாலே பெரிய மாற்றம் தெரியும்.
- பழுப்பு நிறத்தில் தட்டையான சிறு புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம். அது கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு, வேலையை வேகமாக முடித்துக் கொடுக்கும். ஆனால் கட்டைவிரல் கனத்தில் வெள்ளையாக, தலை பழுப்பாக, வளைந்து சுருண்ட புழு கிடைத்தால் அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். மக்கும் குவியலில்தான் அது வளரும், வளர்ந்ததும் தென்னை, செம்பனை குருத்தைத் துளைக்கும். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் அதை வளரவிடுவது பெரிய தீங்கு. உரத்தைச் சல்லடையில் சலித்துப் பொறுக்கி அழித்துவிடுங்கள். வாளியின் மூடி எப்போதும் மூடியிருந்தால் வண்டு முட்டை வைக்க இடம் கிடைக்காது.

மீந்த சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு மருந்து வாளியில் இல்லை, அரிசி அளக்கும் குவளையில் இருக்கிறது. இரவு மீந்தால் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடுங்கள். நம் பாட்டிமார் அதைத்தான் தெம்பு தரும் காலை உணவாகச் சாப்பிட்டுவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார்கள்.

4. பொரித்த எண்ணெய்

வடை, அப்பளம் பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். குழாய்க்குள் கட்டிதட்டி அடைத்தால் குழாய்க்காரருக்குக் கொடுக்கும் கூலி, அந்த எண்ணெயின் விலையைப் போலப் பல மடங்கு. ஆறியதும் துணியில் வடிகட்டிப் பழைய எண்ணெய்ப் புட்டியில் சேர்த்து வையுங்கள். பழைய எண்ணெயைக் கிலோ கணக்கில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விலை ஏறி இறங்கும், ஆகவே புட்டியை நீட்டுவதற்கு முன்பே கிலோ என்ன விலை என்று கேளுங்கள். பயோடீசலுக்குப் போகிறதா என்றும் கேளுங்கள். திரும்பச் சமையலுக்கு வந்துவிடக் கூடாது, அது யாரோ ஒரு பிள்ளையின் தட்டில் விழும்.

உதவித்தொகை எண்ணெய் பொட்டலம் 1 கிலோ 2.50 வெள்ளிதான் என்பதால் தாராளமாக ஊற்றத் தோன்றும். சின்ன வாணலி வாங்குங்கள், பாதி எண்ணெய் போதும்.

5. விற்பதும் கொடுப்பதும்

ஒலிபெருக்கியில் பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு வரும் லோரியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஊரில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் தவுக்கேயிடம் நேரே கொண்டுபோனால் விலை கொஞ்சம் கூடும். அலுமினிய டின்னுக்குத்தான் நல்ல காசு, காகிதத்துக்குக் குறைவு. மைலோ டின் காந்தத்தில் ஒட்டும், குளிர்பான டின் ஒட்டாது. வீட்டிலேயே காந்தம் வைத்துப் பிரித்துவிடுங்கள், கலந்து கொண்டுபோனால் எல்லாவற்றுக்கும் மலிவான விலைதான் போடுவார்கள். தராசு முள்ளை நீங்களும் பாருங்கள்.

விற்க நேரமில்லை என்றால் சூ சீ என்ற பௌத்த அறப்பணி அமைப்பு பல ஊர்களில் மறுசுழற்சி மையம் நடத்துகிறது, அங்கே கொடுக்கலாம்.

பழைய கைப்பேசி, பேட்டரி, நீளக் குழல் விளக்கு இவற்றைச் சாதாரணக் குப்பையில் போடவே கூடாது. உப்பிய கைப்பேசி பேட்டரி லோரிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கும். குழல் விளக்கில் பாதரசம் இருக்கிறது. ஓர் அட்டைப்பெட்டியில் தனியாகச் சேர்த்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் மொத்தமாகக் கொடுங்கள்.

6. நெருப்பு வேண்டாம்

திறந்த வெளியில் குப்பை எரிப்பதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. போகி அன்று பழைய பாய், தலையணையைக் கொளுத்தும் வழக்கத்தை விட முடியவில்லை என்றால், அந்த வாரத்து மறுசுழற்சி நாளில் கட்டி வெளியே வைத்துவிடுங்கள். வீடு அன்றும் காலியாகத்தான் ஆகும். கிளைகளை வெட்டிக் கட்டாகக் கட்டினால் எடுத்துப் போவார்கள், சும்மா குவித்தால் விட்டுவிட்டுப் போவார்கள்.

7. தண்ணீர்

முதலில் கசிவைப் பாருங்கள். இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்து, காலையில் யாரும் குழாய் திறப்பதற்கு முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டிதான். கேசரிக்குப் போடும் கலர்ப் பொடியில் ஒரு சிட்டிகை அந்தத் தொட்டியில் போட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் இழுக்காமல் பாருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது. சில வெள்ளியில் முடியும் வேலை, நீங்களே மாற்றலாம். மீட்டருக்கு உள்பக்கக் குழாய் உடைந்தால் செலவைத் தண்ணீர் நிறுவனம் ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது மழைநீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். கார் நிறுத்தும் கூரை 30 சதுர மீட்டர் என்றால், 20 மில்லிமீட்டர் மழைக்கு 600 லிட்டர். குளுவாங்கில் ஒரு மாலை மழை அதைச் சாதாரணமாகக் கொடுத்துவிடும். கூரை வாய்க்காலின் கீழ் ஒரு பெரிய பீப்பாய் வைத்தாலே வாசல் கழுவ, செடிக்கு ஊற்ற, கார் கழுவக் குழாய் திறக்க வேண்டியதில்லை. மழை தொடங்கியதும் வரும் முதல் தண்ணீரில் தூசியும் பறவை எச்சமும் இருக்கும், அதை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். குடிக்க, சமைக்க இது ஆகாது.

மூடாத பீப்பாய் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறந்துவிடும். சுகாதாரத் துறை ஆட்கள் வந்து புழுவைக் கண்டால் 500 வெள்ளி வரை கம்பவுண்டு, அதைவிடக் கொடியது வீட்டில் ஒருவர் டெங்கியில் படுப்பது. பீப்பாய் வாயில் கண் சிறிய வலையை இறுக்கிக் கட்டுங்கள், அடியில் குழாய் பொருத்தி அங்கிருந்து எடுங்கள், வாரம் ஒரு முறை காலியாக்கித் தேய்த்துக் கழுவுங்கள். வாரம் ஒரு முறை கழுவ முடியாது என்றால் மழைநீர் பிடிக்கவே வேண்டாம்.

8. கரண்டு

600 யூனிட் என்ற எண்ணை மட்டும் மனத்தில் வையுங்கள். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், மாதம் 600 யூனிட்டுக்குள் இருந்தால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் (ரீட்டெயில் சார்ஜ்) இல்லை. அதைத் தாண்டினால் அதுவும் வரும், சேவை வரியும் வரும். 590இலும் 610இலும் பில் வித்தியாசப்படுவது இதனால்தான்.

பெரிய கரண்டு தின்னிகள் குளிர்சாதனமும் பழைய குளிர்ப்பெட்டியும். குளிர்சாதனத்தை 24, 25 டிகிரியில் வைத்து மின்விசிறியும் போடுங்கள், வடிகட்டியை மாதம் ஒரு முறை கழுவுங்கள். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. புதிதாக வாங்கினால் நட்சத்திர ஒட்டுத்தாளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதியிருக்கும், விலையோடு அதையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் இருபது வருடக் குளிர்ப்பெட்டி இலவசமே இல்லை.

9. கடை, பாசார் மாலாம், பந்தி

பேரங்காடியில் ஒரு பை 20 காசு. துணிப் பையை மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்துவிடுங்கள், வீட்டில் வைத்தால் மறந்துபோகும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். குழம்பைப் பையில் கட்டித் தரும் கடைக்காரருக்கும் அது சௌகரியம், பொட்டலத்தில் வருவதைவிட ஒரு கரண்டி கூடவே விழும்.

வீட்டு விசேஷத்துக்கு வாழையிலை போட்டால் இலையை மட்டும் தனி மூட்டையாகக் கட்டச் சொல்லுங்கள், கிழித்துப் போட்டால் மக்கிவிடும். பிளாஸ்டிக் குவளைக்குப் பதில் எவர்சில்வர் டம்ளரைக் கோயிலில் கேட்டு வாங்கலாம். முன்கூட்டியே சொல்லி எழுதிவைத்தால்தான் கிடைக்கும், தை, ஆவணி மாதங்களில் பலரும் கேட்பார்கள்.

10. லோரி வராவிட்டால்

ஒரு முறை வராவிட்டால் அடுத்த நாள் மாலைவரை பொறுங்கள். மழை, பொது விடுமுறை, பெருநாள் வாரங்களில் நாள் தள்ளிப் போவது உண்டு. அதற்கும் வராவிட்டால் தொட்டியைத் தேதி, நேரம் தெரியும்படி படம் எடுத்து, வீட்டு எண், சாலைப் பெயர், வர வேண்டிய நாள் மூன்றையும் எழுதிக் குத்தகை நிறுவனத்துக்குப் புகார் அனுப்புங்கள். புகார் எண் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த முறை அழைத்தால் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும். அங்கே பதில் இல்லையென்றால் அதே எண்ணோடு எஸ்.டபிள்யூ.கார்ப் கழகத்துக்குப் போங்கள். தெருவில் இரண்டு மூன்று வீடுகள் ஒரே நாளில் தனித்தனியாகப் புகார் கொடுத்தால் சீக்கிரம் நடக்கிறது. அதுவரை பைகளை மூடிய தொட்டிக்குள்ளேயே வையுங்கள், வெளியே வைத்தால் நாய் கிழித்துத் தெரு முழுக்கப் பரப்பிவிடும்.